நிறுத்தி வைத்த டிராக்டரில் பாட்டரி இறங்குவதேன்?

கோடை உழவு முடித்துக் கொட்டகையில் நிறுத்திய டிராக்டரை, வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்று காலையில் எடுக்கப் போனால், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்றொரு சப்தம் மாத்திரம் கேட்டு அடங்கிவிடுவதுண்டு. முறைத் தண்ணீர் காத்திராது. நாற்றும் வயது முதிரும். அந்த அவசரத்தில் குடியானவர் பெரும்பாலும் பாட்டரி கெட்டதென்று தீர்மானித்துப் புதிதொன்றை வாங்கிப் பூட்டிவிடுகிறார். மின் ஒழுக்கு வண்டியில் இருக்குமாயின் புதிய பாட்டரியும் சில வாரங்களில் அதே கதியை அடையும். ஆகையால், பாட்டரி தானே வலுவிழந்ததா, அல்லது வண்டி அதை உறிஞ்சுகிறதா என்று பிரித்தறிதலே முதல் வேலையாகும்.

முதலில் பாட்டரியின் மேல்மூடியைப் பார்க்கவேண்டும். புழுதியும் திராவகக் கசிவும் சேர்ந்து படிந்த ஈரப்பூச்சு, இரு முனைகளுக்கும் இடையே மின்சாரம் மெல்லக் கடக்க வழியாகும். சமையல் சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம். அந்நீர் துவாரங்களுள் இறங்கலாகாது. சிமெண்டுத் தரையில் வைத்தால் பாட்டரி இறங்கிவிடும் என்று சிலர் பலகை தேடுவர். இக்காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு அந்தப் பயம் வேண்டுவதில்லை. அழுக்கைத் துடைப்பதே பயன் தரும்.

பின்பு பாட்டரியை முழுவதும் சார்ஜ் செய்து, ஓரிரவு ஆறவிட்டு அளந்தால், 12 வோல்ட் பாட்டரி ஏறக்குறைய 12.6 காட்டவேண்டும். மைனஸ் முனைக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஐந்து நாள் கழித்து மறுபடி அளக்கவேண்டும். அளவு அநேகமாய் அப்படியே நின்றால் பாட்டரி நல்லது, குற்றம் வண்டியினுடையது. கம்பி கழற்றியிருந்தும் 12.2க்குக் கீழே இறங்கினால் பாட்டரியை மாற்றுவதே முறை.

குற்றம் வண்டியினுடையதாயின், ஒழுக்கை மல்டிமீட்டர் கொண்டு அளக்கவேண்டும். சாவியையும் விளக்குகளையும் அணைத்து, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, கழற்றிய மைனஸ் கம்பிக்கும் பாட்டரியின் மைனஸ் முனைக்கும் இடையே இணைக்கவேண்டும். மீட்டர் இணைந்திருக்கையில் இஞ்சினைக் கிளப்ப முயன்றால் மீட்டர் கருகிவிடும். இதில் மிகுந்த ஜாக்கிரதை தேவை. மின்னணுச் சாதனங்கள் இல்லாத பழைய டிராக்டரில் மீட்டர் ஏறக்குறைய பூச்சியம் காட்டவேண்டும். கார்களில் அரைமணி பொறுத்துப் பார்த்தால் 0.05 ஆம்பியர் வரை இருப்பது இயல்பே. 0.3 ஆம்பியர் ஒழுகுவதாகக் கொண்டால், நாளொன்றுக்கு 7.2 ஆம்பியர்-மணி நஷ்டம். 75 ஆம்பியர்-மணி பாட்டரி பத்தே நாளில் வெறுமையாகும். இஞ்சின் கிளம்பாமற் போவது அதற்கும் முன்னரே.

மீட்டரைப் பார்த்தவாறே பியூஸ்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கவேண்டும். எதைப் பிடுங்கும்போது முள்ளோ எண்ணோ சட்டென்று இறங்குகிறதோ, ஒழுக்கு அந்தக் கிளையிலேயே. பின்னால் கட்டிய வேலை விளக்கும் பாட்டுப் பெட்டியும், பியூஸ் இன்றி நேரே பாட்டரியில் கட்டப்பட்டிருத்தல் மிகச் சாதாரணம். அவற்றைத் தனியே கழற்றிப் பார்க்கவேண்டும். எதிலும் அகப்படாவிடில் ஆல்டர்னேட்டரைச் சந்தேகிக்கலாம். அதனுள் இருக்கும் டயோடு பழுதானால், நிறுத்தியிருக்கையில் மின்சாரம் பின்னோக்கிப் பாயும். பாட்டரியின் மைனஸ் கம்பி கழன்றிருக்கையில் ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பியைக் கழற்றி, நுனியைத் துணியால் சுற்றி, மறுபடி மீட்டரை இணைக்கவேண்டும். ஒழுக்கு நின்றிருந்தால் காரணம் அதுவே.

ஒழுக்கே இல்லாமலும் பாட்டரி இறங்குமாயின், இஞ்சின் ஓடுகையில் அளக்கவேண்டும். ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வோல்ட் வராவிடில், பெல்ட் தளர்ச்சி முதலியவற்றைக் கவனிக்கவேண்டும்.

இதற்கு வேண்டிய மீட்டர் விலை குறைந்ததே. கிராம அதிகாரிகள் முயன்றால், கூட்டுறவுச் சங்கத்தில் ஒன்று வாங்கி வைத்து யாவரும் உபயோகிக்கலாம். இறங்கிய பாட்டரியை அப்படியே விட்டுவைத்தால் ஈயத் தகடுகளில் கந்தக உப்புப் படிந்து கெட்டியாகி, பிறகு சார்ஜ் ஏற்றுக்கொள்ளாது. நெடுநாள் நிறுத்தும் வண்டியில் மைனஸ் கம்பியைக் கழற்றிவிட்டு, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து, தகடுகள் மூழ்குமளவு காய்ச்சி வடித்த நீரே ஊற்றிவரவேண்டும். கிணற்று நீர் கூடாது.