அப்பத்தாவிடம் என்ன கேட்பது?

கேள்வி: எங்கள் அப்பத்தாவுக்கு வயது 96. பள்ளிக்கூடம் போகாதவர். அவர் வாழ்க்கையை எழுத ஆசை. "சுதந்திரம் வந்தது ஞாபகமிருக்கா?" என்று கேட்டால், "எனக்கென்னடி தெரியும்" என்கிறார். எப்படி எழுதுவது?
- ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: கேள்வியை மாற்றுங்கள். உங்கள் ஊர் தொண்டைமான் சமஸ்தானமாக இருந்து, 1948 மார்ச் 3-இல்தான் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அதனால் "மகாராஜா போனப்போ ஊர்ல என்ன பேசிக்கிட்டாங்க?" என்று கேளுங்கள். அம்மன் காசு பற்றி விசாரியுங்கள். ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்று பொறித்த பொடிச் செப்புக் காசு அது. அதை வைத்து என்ன வாங்கினார், எதில் முடிந்து வைத்தார்? காசில் ஆரம்பித்தால் பேச்சு தானாக வளரும். 1957-இல் அணா போய் நயா பைசா வந்தபோது கடைக்காரர் கணக்கில் ஏமாற்றினாரா? 1963-இல் 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது என்று சட்டம் வந்ததே, வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்தார்கள்?

முதல் பொதுத் தேர்தலையும் விடாதீர்கள். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி. வடமாநிலங்களில் சுமார் 28 லட்சம் பெண்கள், சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி' என்றதால், பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார்கள். உங்கள் அப்பத்தா தன் பெயரைச் சொன்னாரா?

அவர் சொல்லும் வருஷம் தப்பாக இருக்கலாம். குறுக்கே திருத்தாதீர்கள், பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். 96 வயது என்கிறீர்கள். இன்றைக்கே செல்போனில் பதிவு செய்யத் தொடங்குங்கள்.