ஊர்ச் செய்தியும் வரவு செலவும்

தொலைக்காட்சிச் செய்தி என்றால் அது ஏதேனும் ஒரு தலைநகரிலிருந்து வருவது என்றே நாம் பழகிவிட்டோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அவ்வாறன்று. 1948 முதல் நிறுத்தி வைத்திருந்த நிலைய உரிமங்களை அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் 1952-இல் மீண்டும் வழங்கத் தொடங்கியபோது, சில பெருநகரங்களே போதும் என்று விடவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களுக்கு அலைவரிசைகளைப் பகுத்துக் கொடுத்தது. ஊருக்கென்று நிலையம் இருந்தால் அது ஊரைப் பற்றிப் பேசும் என்பது கருத்து. அக்கருத்து பெரும்பாலும் நிறைவேறியது. ஆனால் அதை நிறைவேற்றியது ஆணையத்தின் விருப்பம் மட்டுமன்று, நிலையத்தின் கணக்கேடுந்தான்.

அக்கணக்கைச் சற்றுப் பார்ப்போம். இரவு வேளையின் பெரு நிகழ்ச்சிகள் என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. போன்ற வலையமைப்புகளிடமிருந்து வருவன. அவற்றின் விளம்பர நேரத்தில் பெரும்பகுதி வலையமைப்புக்கே உரியது. பிற வேளைகளுக்கு வெளியிலிருந்து நிகழ்ச்சி வாங்கினால், விலையும் கொடுக்க வேண்டும். விளம்பர நேரத்தில் பங்கும் விட வேண்டும். சொந்தச் செய்திக்கு அத்தொல்லை இல்லை. விளம்பர வருவாய் முழுவதும் நிலையத்தின் பெட்டிக்கே வந்து சேரும்.

செலவோ? செய்தி அறை, படக்கருவிகள், ஊர்தி, வானிலை கூறுவோர், செய்தி படிப்போர் ஆகிய அனைத்துக்கும் ஒரு முறை ஏற்பாடு செய்தாக வேண்டும். அரை மணி நேரம் ஒளிபரப்பினாலும் அச்செலவு உண்டு. ஆனால் அதே ஆட்களைக் கொண்டு இன்னும் ஓர் அரை மணி கூட்டினால் மிகுவது சிறு செலவே. பொருளியல் பயிலும் நண்பர்கள் இறுதிநிலைச் செலவு என்று ஏட்டில் படிப்பது இதுவே. ஆகவேதான் மாலை ஆறு மணிச் செய்தி ஐந்துக்கும் நான்குக்கும் முன்னேறியது. காலையில் கோழி கூவும் முன்னரே தொடங்கலாயிற்று. செய்தி பெருகியதா என்றால், நேரம் பெருகியது என்பதே நேர்மையான விடை. நண்பகலில் எரிந்த வீடு மாலையிலும் எரியும், இரவு பதினொன்றுக்கும் எரியும்!

எந்தச் செய்தி மலிவு என்பதையும் இக்கணக்கே முடிவு செய்கிறது. தீ விபத்துக்கு ஓர் ஊர்தி சென்றால் ஒரு மணி நேரத்தில் படம் கிடைத்துவிடும். நகராட்சிக் கணக்கைத் துருவுவதற்கு ஓர் ஆளை வாரக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். முடிவில் ஒன்றும் அகப்படாமலும் போகலாம். துணிந்து செலவிட்டாலும் பயன் செலவிட்டவரைச் சேராது. ஹூஸ்டன் நகரத்து கே.எச்.ஓ.யு. நிலையம் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டிய ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓட்டத்தில் பிய்ந்து உயிர்களைக் கொல்வதை ஆராய்ந்து வெளியிட்டது. ஆகஸ்டில் ஏறத்தாழ 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவ்வாண்டே புதிய சட்டமும் வந்தது. உயிர் பிழைத்தோர் எந்தெந்த ஊரிலோ இருந்தனர். நிலையத்துக்குக் கிடைத்ததோ ஹூஸ்டன் சந்தையில் சில நிமிட விளம்பரங்களுக்கான விலைதான். இப்படிப்பட்ட புறப்பயனை எந்தக் கணக்கர் வரவில் எழுதுவார்?

விளம்பரத்தைத் தவிர வேறு வருவாய்கள் உண்டு. 1992-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம், நிலையத்தின் இசைவின்றி அதன் ஒளிபரப்பைக் கேபிள் நிறுவனம் எடுத்துச் செல்லலாகாது என்றது. அந்த இசைவுக்கு விலை பேசி வாங்கும் பணம் இன்று பெருந்தொகை. நம் நாட்டிலோ செய்தி அலைவரிசைகள் கேபிள்காரருக்குப் பணம் கட்டி இடம் பிடித்த வழக்கம் நெடுநாள் இருந்தது. ஒரே கம்பியில் பணம் எதிர்த்திசையில் ஓடியது எனலாம். அமெரிக்க நிலையமும் அப்பணத்தை முழுமையாக வைத்துக்கொள்வதில்லை. முன்னாளில் நிகழ்ச்சியைக் காட்டியதற்காக நிலையத்துக்குப் பணம் தந்த வலையமைப்பு, இந்நாளில் நிலையத்திடமிருந்து பணம் வாங்குகிறது.

இன்னொன்று தேர்தல். இரட்டைப்படை ஆண்டுகளில் விளம்பரப் பணம் மழையாய்ப் பொழியும். பொதுத் தேர்தலுக்கு முந்திய 60 நாள்களில் வேட்பாளர்க்கு மிகக் குறைந்த கட்டணமே விதிக்கலாம் என்பது சட்டம். வேட்பாளரை ஆதரிக்கும் வெளிக் குழுக்களுக்கு அச்சலுகை இல்லை; கேட்ட விலையைத் தருவர். 2010-இல் உச்ச நீதிமன்றம் அக்குழுக்களின் செலவுக்கு வழி திறந்துவிட்டது. வேட்பாளரின் வாக்குறுதியை ஆராய வேண்டிய செய்தி அறைக்கு ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

நிலையங்கள் சில பெரு முதலாளிகளிடம் சேர்ந்து வருவதற்கும் கணக்கே காரணம். பல நிலையங்களை உடையவர் கேபிளுடன் விலை பேசுவதில் வலியவர்; ஒரே தொகுப்பைப் பல ஊர்களுக்கும் அனுப்பலாம். 2017-இல் ஊருக்குள் தலைமை நிலையக்கூடம் இருக்க வேண்டும் என்ற பழைய விதியையும் ஆணையம் நீக்கிற்று. 2019-இல் நெக்ஸ்டார் நிறுவனம் ட்ரிபியூன் நிலையங்களை வாங்கியது.

செய்தியாளர் பாடு தனி. முன்னர்ப் படம் பிடிக்க ஒருவர், ஒலிக்கு ஒருவர், பேச ஒருவர் என்று சென்றனர். இன்று சிற்றூர்ச் சந்தைகளில் முக்காலியைத் தோளில் சுமந்து, தம்மைத் தாமே படம் பிடித்து, ஊர்தியில் அமர்ந்தே வெட்டி ஒட்டி அனுப்புபவர் ஒருவரே. 2018-இல் சின்க்ளேர் நிறுவனத்தின் பல நிலையங்களில் செய்தி படிப்போர் ஒரே அறிக்கையைச் சொல் மாறாமல் படித்தனர். அவற்றை அடுத்தடுத்து இணைத்த படம் நாடெங்கும் பரவியபோதுதான், தம் ஊர்க்காரர் தம்மிடம் பேசுவதாக எண்ணியிருந்த பலருக்கு அது எழுதப்பட்ட இடம் வேறு என்பது தெரிய வந்தது.