வளர்ப்புப் பூனையின் கண்ணில் தோன்றும் மாறுதல்கள்

வளர்ப்புப் பிராணிகளுள் பூனையைப் போலத் தன் குறையை மறைத்து வாழ்வது பிறிதொன்று இல்லை எனலாம். பார்வை முற்றிலும் அற்றுப்போன பூனையும் பழகிய வீட்டினுள் மீசைமயிர்களின் துணையாலும் செவியின் கூர்மையாலும் மோப்பத்தாலும் தடுமாறாது நடமாடும். உண்கலத்தைத் தவறாது சென்றடையும். ஒருநாள் கட்டிலையோ பெட்டியையோ இடம் மாற்றி வைத்தால் அதன்மேல் மோதிக்கொள்ளும். அப்பொழுதுதான் வீட்டார் ஐயுறத் தொடங்குவர். கண்ணில் மாறுதலோ பல மாதங்களுக்கு முன்னரே தோன்றியிருத்தல் கூடும். அதனை முற்பட அறிதல் எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

இயல்பான கண்ணை அறியாதார்க்கு இயல்பு திரிந்த கண் புலப்படாது. நண்பகல் வெளிச்சத்தில் பூனையின் கண்மணி செங்குத்தான கீற்றாகச் சுருங்கும். அந்தியில் வட்டமாக விரியும். மிகச் சுருங்கிய நிலைக்கும் மிக விரிந்த நிலைக்கும் இடையே அதன் பரப்பு ஏறத்தாழ 135 மடங்கு வேறுபடுகிறது. மனிதக் கண்ணில் இவ்வேறுபாடு சுமார் 15 மடங்கேயாகும். விழித்திரைக்குப் பின்னே, மேற்பகுதியில், ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் ஒன்று உண்டு. விழித்திரையைக் கடந்து சென்ற ஒளியை இது மீண்டும் விழித்திரைக்கே அனுப்புவதால் மங்கிய ஒளியிலும் பூனை காண்கிறது. விளக்கொளி பட்டவுடன் பச்சையாகவோ மஞ்சளாகவோ மின்னுவது இப்படலமே. கண்ணினின்று தானாகத் தோன்றும் ஒளி அன்று. ஒளி சிறிதும் புகாத அறையில் பூனையின் கண் மின்னுவதில்லை என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் காட்டலாம்.

எல்லா மாறுதலும் நோயன்று. குட்டிகளின் கண்கள் முதலில் நீலமாக இருந்து, ஆறேழு வாரங்களுக்குப் பின் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது இயற்கை. உறங்கி எழும் பூனையின் கண்ணோரத்தில் வெண்ணிறமான மூன்றாம் இமை சற்றே தோன்றி மறைவதும் அத்தகையதே. அச்சமுற்ற பூனையின் கண்மணிகள் பகலிலும் விரிந்திருக்கும். ஆதலின் துரத்திப் பிடித்த பூனையின் கண்ணைக் கண்டு முடிவு கூறுதல் தவறு.

இந்திய இல்லங்களில் சிறப்பாக அறியவேண்டுவது உணவுக் குறையால் விழித்திரை அழியும் நிலையாகும். 1975ஆம் ஆண்டில் ஹேய்ஸ் என்பாரும் அவருடன் பணியாற்றியோரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாலின் புரதமாகிய கேசீனையே புரதமாகக் கொண்ட உணவை உண்டு வளர்ந்த பூனைகளின் விழித்திரை சிதைந்தமை காட்டப்பட்டது. அவ்வுணவில் டாரின் என்னும் பொருள் இல்லாமையே காரணம். பல விலங்குகள் இதனைத் தம் உடலிலேயே வேண்டுமளவு ஆக்கிக்கொள்கின்றன. பூனையின் ஈரலோ மிகச் சிறிதளவே ஆக்க வல்லது. அன்றியும் பித்தநீர் வழியாக அது இடைவிடாது செலவாகிக்கொண்டே இருக்கிறது. எனவே பூனை அதனை உணவிலிருந்தே பெறவேண்டும். எலி, மீன், இறைச்சி ஆகியவற்றில் டாரின் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை. பசுவின் பாலில் சொற்பமே. எலி பிடித்துத் திரியும் ஊர்ப்பூனைக்குப் பால்சோறு இடுவதால் கேடு விளைவதில்லை, அது தன் குறையை வெளியே நிறைத்துக்கொள்கிறது. மாடிக் குடியிருப்பில் கதவடைத்து வளர்க்கப்படும் பூனைக்கு அவ்வழி இல்லை. புலால் உண்ணாத குடும்பத்தார் அன்புடன் நாள்தோறும் இடும் பால்சோறும் தயிர்ச்சோறுமே அதன் பார்வையைப் பறிக்கக்கூடும் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பது எளிதன்று. ஆயினும் உரைக்கத்தான் வேண்டும்.

இந்நோயின் வஞ்சகம் யாதெனின், கண் முன்னினும் அழகுற்றது போலத் தோன்றுவதாம். விழித்திரை மெலிய மெலியப் பின்னுள்ள படலத்தினின்று திரும்பும் ஒளி மிகுகிறது. கண்மணிகளும் விரிந்தே நிற்கின்றன. இரவில் கண் பளபளக்கிறது என்று வீட்டார் மகிழ்வர். சிவப்போ பீளையோ நீர்வடிதலோ வலியோ இல்லாமையால் எவரும் மருத்துவரை நாடுவதில்லை. அழிந்த விழித்திரை மீண்டும் தோன்றுவதில்லை. உணவைத் திருத்தினால் எஞ்சிய பார்வை காக்கப்படும், அவ்வளவே. இக்குறையே இதயத் தசையையும் தளரச் செய்யும் என்பது 1987இல் தெளிவாயிற்று. அதன்பின் ஆலைகளில் செய்யப்படும் பூனையுணவில் டாரினின் அளவு உயர்த்தப்பட்டது. நாயுணவைப் பூனைக்கு இடுவோர், அவ்வளவு அதில் இருக்கும் என்று கருதலாகாது.

வீட்டில் மீன் சமைத்து இடுவோர் ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். டாரின் நீரில் கரைவது. வெந்த நீரை வடித்துக் கொட்டினால் பெரும்பகுதி அதனுடன் போய்விடும். முள் நீக்கிய மீனை அவ்வெந்த நீருடனேயே பிசைந்து இடுதல் நன்று. வெங்காயம் பூனையின் இரத்தத்திற்குக் கேடு ஆகையால் குழம்பிலிருந்து எடுத்து இடுதல் ஆகாது.

முதிய பூனைகளில் வேறொரு நிலை நேர்கிறது. முதல்நாள்வரை நன்கு நடமாடிய பூனை திடீரென்று சுவரில் முட்டும். இரு கண்மணிகளும் அகல விரிந்து, ஒளி பட்டாலும் சுருங்கா. சிறுநீரக நோயாலோ கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் மிகையாலோ இரத்த அழுத்தம் உயர்ந்து, விழித்திரை தன் இடத்தினின்று பெயர்வதே பெரும்பாலும் இதற்குக் காரணம். இங்கு ஒரு நாளின் தாமதமும் பெரிது. இரத்த அழுத்தத்தை விரைந்து தணித்தால் சில பூனைகளில் பார்வை ஓரளவு திரும்புகிறது.

ஒரு கண்மணி மட்டும் சிறுத்து, அப்பக்கத்து மேலிமை தாழ்ந்து, மூன்றாம் இமையும் வெளிவந்து நின்றால் நரம்புக்கோ நடுச்செவிக்கோ கேடு நேர்ந்திருக்கலாம். இரு கண்களிலும் மூன்றாம் இமை நாட்கணக்கில் நிற்பது பெரும்பாலும் உடல் நலிவைக் குறிக்கும். கண்மணியைச் சூழ்ந்த வண்ணத்திரையில் பழுப்புப் புள்ளி தோன்றிப் பரவுமாயின் புற்றாகலாம். திங்களுக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்து ஒப்பிடுவது மருத்துவருக்கு உதவும். ஒரு கண்ணை மூடி நீர் வடித்துக் காலால் தேய்க்கும் பூனைக்கு விழியின் முன்படலத்தில் புண் இருக்கக்கூடும். வீட்டில் எஞ்சிக் கிடக்கும் மனிதர்க்குரிய சொட்டுமருந்தை அதில் விடுதல் பெருந்தவறு. ஸ்டீராய்டு கலந்த மருந்தாயின் புண் ஆழ்ந்து கண்ணையே இழக்க நேரிடும்.

சோதிக்கும் முறை எளிது. பூனையை அதன் வீட்டிலேயே அமைதியாக இருக்கவிட்டு, மங்கிய அறையில் கைவிளக்கை ஒரு முழத் தொலைவினின்று ஒரு கண்ணில் படச் செய்க. இரு கண்மணிகளும் சுருங்குதல் இயல்பு. முகத்தின்முன் கையை வீசிப் பார்வையைச் சோதிப்போர் ஏமாறுவர்; கை எழுப்பும் காற்று மீசைமயிரில் பட்டே பூனை இமைக்கும். பஞ்சு உருண்டை ஒன்றைக் கண்ணெதிரே ஓசையின்றி விழவிடுதல் நலம். காணும் பூனை அதனைத் தலை திருப்பி நோக்கும். ஆனால் சலிப்புற்ற பூனை மூன்றாம் முறை நோக்காமலும் இருக்கும்.

அறிமுகமற்ற தெருப்பூனையைத் தொட்டுச் சோதித்தல் கூடாது. வெறிநோய் பூனைக்கும் உண்டு. கடியோ நகக்கீறலோ பட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, உடனே மருத்துவமனை சென்று தடுப்பூசி பெறுதல் வேண்டும்.

கால்நடை மருத்துவரிடம் அனுப்புங்கால் எந்தக் கண், எத்தனை நாளாக, கண்மணி ஒளிக்குச் சுருங்கிற்றா, பூனையின் வயது என்ன, வெளியே திரிவதா, கடந்த ஓராண்டாக என்ன உண்டது ஆகியவற்றை ஒரு தாளில் குறித்து அனுப்புக. உணவைப் பற்றிய குறிப்பைப் பலர் வேண்டாததெனக் கருதி விட்டுவிடுகின்றனர். மருத்துவர் முதலில் வினவுவது அதுவாகவே இருத்தல் கூடும்.