திரை அளவு: எந்த எண்ணை முதலில் எழுதுவது?

ஒரு வரியில் 1080×2400, அடுத்த வரியில் 2400×1080. இரண்டும் ஒரே அளவுத் திரைதான். ஆனால் பட்டியலை அகலப்படி வரிசைப்படுத்தினால் ஒன்று மேலேயும் மற்றொன்று கீழேயும் போய்விடும். மொபைல், டேப்லெட் பட்டியல் போடுபவர்கள் தொடங்குமுன் இதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ள வேண்டும். வழிகள் மூன்று.

நீண்ட பக்கம் முதலில்
ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 15-இன் திரையை 2556×1179 என்றுதான் குறிப்பிடுகிறது. டிவி, மானிட்டரில் 1920×1080 பார்த்துப் பழகியவர்களுக்கு இது எளிது. விலைப்பட்டியலுக்கு இதுவே போதும். ஆனால் கையில் பிடிக்கும்போது எது அகலம் என்பது இதில் தெரியாது.

சாதனத்தின் இயல்பு நிலைப்படி
ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஓர் இயல்பு நிலை உண்டு. 2011-இல் வந்த மோட்டோரோலா ஸூம் டேப்லெட்டுக்கு அது கிடைமட்டம்: 1280×800. 2012-இல் வந்த நெக்ஸஸ் 7-க்குச் செங்குத்து: 800×1280. சென்சார்களின் அச்சுகள் இந்த நிலையை ஒட்டியே அமைவதால், கேம் உருவாக்குபவர்களுக்கு இந்தத் தகவல் கட்டாயம் வேண்டும். ஆனால் சாதனங்களை ஒப்பிட உதவாது. பிக்சல் கணக்கில் சமமான இந்த இரண்டுமே வேறு வேறாகத் தெரியும்.

செங்குத்தாகப் பிடித்து, அகலம் முதலில்
இணையதளம் வடிவமைப்பவர்களுக்கு ஏற்றது இதுதான். சிஎஸ்எஸ் கணக்கில் ஐபோன் 15-இன் திரை 393×852. அகலம் 768-ஐத் தொட்டால் டேப்லெட் என்று வடிகட்டுகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். யாரோ அதை 852×393 என்று பதிந்திருந்தால், அந்த போன் டேப்லெட் வரிசையில் போய் உட்கார்ந்துவிடும், சோதனையும் தவறாகும்.

பலவகைச் சாதனங்கள் கலந்த பட்டியலுக்கு மூன்றாவதையே தேர்ந்தெடுங்கள். இயல்பு நிலையைத் தனிப் பத்தியில் குறித்தால் இரண்டாவது வழியின் பயனும் கிடைத்துவிடும்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனம் தேவை. நோக்கியா இ71 போல, கீபோர்டோடு படுக்கைவாக்கில் திரை பொருத்திய போன்களை உள்ளபடியே 320×240 என எழுதுங்கள்; அவற்றைத் திருப்பிப் பிடித்துப் பயன்படுத்துவதில்லை. மடிக்கும் போன்களுக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள்: கேலக்ஸி இசட் ஃபோல்ட் 3-க்கு வெளித்திரை 832×2268, உள்திரை 1768×2208.

விதியைப் பட்டியலின் தலைப்பிலேயே ‘அகலம் × உயரம், செங்குத்து நிலை’ என்று எழுதிவிடுங்கள். பிறகு முதல் எண் இரண்டாவதைவிடப் பெரிதாக உள்ள வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அங்கே நிற்பவை விதிவிலக்குகளாக இருக்க வேண்டும். மற்றவை திருத்த வேண்டிய பிழைகள்.