வினை வரும்வரை பொறு

அன்புத் தங்கச்சி,

ஒல்லாந்து மொழி படிக்கத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் ஏறக்குறைய 7,000 தொகுதிகள் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. தோட்டத்து நம் முன்னோர் வந்தது ஒல்லாந்தர் போன பிறகுதான். ஆனாலும் 1665இல் ஒல்லாந்தர் உன் ருவான்வெல்லையில் வந்து நிலைகொண்டார்கள். அந்த ஊர்ப் பிள்ளை அவர்களுடைய எழுத்தைத் தானே வாசிப்பது நியாயமானது.

உன் பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருப்பதால், வாக்கியத்தையும் ஆங்கிலக் கண்ணால் பார்க்கப் பழகிவிடுவாய். அங்கேதான் தடுமாற்றம் தொடங்கும். ஆங்கிலத்தில் முதலில் நிற்பது பெரும்பாலும் எழுவாய். ஒல்லாந்து மொழியில் முதலிடத்துக்கு ஏறக்குறைய எதுவும் வரலாம். ஆனால் முதன்மை வாக்கியத்தின் இரண்டாமிடம் காலம் காட்டும் வினைக்கே உரியது. 'இக் ஹெப் கிஸ்தரன் என் பிரீஃப் கெஸ்க்ரேவன்' என்றால் நான் நேற்று ஒரு கடிதம் எழுதினேன். நேற்றை முன்னால் வைத்தால் 'கிஸ்தரன் ஹெப் இக் என் பிரீஃப் கெஸ்க்ரேவன்' என்றாகும். காலம் காட்டும் 'ஹெப்' அசையவில்லை, 'இக்', அதாவது நான், அதன் பின்னால் போய்விட்டது. எழுதுதலைச் சொல்லும் சொல் இரண்டிலும் கடைசியில் நிற்கிறது.

செயப்படுபொருளும் இப்படி முதலிடத்துக்கு வரும். 'டேஸ பிரீஃப் ஹேஃப்ட் ட குவர்னூர் ஒன்ட்ஃபாங்கன்': இந்தக் கடிதத்தை ஆளுநர் பெற்றார். முதலில் நிற்பதே எழுவாய் என்று நம்பினால் பெற்றது யார், பெறப்பட்டது எது என்பது குழம்பும். 'கடிதத்தை' என்று முதலில் சொல்லிப் பழகிய தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல.

சார்பு வாக்கியத்தில் தமிழ் இன்னும் நெருங்கி வரும். 'ஓம்டட் இக் கிஸ்தரன் என் பிரீஃப் ஹெப் கெஸ்க்ரேவன்' என்பதில் வினை முழுவதும் கடைசிக்குப் போய்விட்டது: நான் நேற்று ஒரு கடிதம் எழுதியதால். காரணம் சொல்லும் 'ஆல்' நமக்கு வினையோடு ஒட்டி வரும். அவர்களுக்கு 'ஓம்டட்' முன்னால் வந்துவிடும். அதுதான் முக்கிய வித்தியாசம். வினை வரும்வரை ஆங்கிலேயர் பாடுபட்டுப் பழகும் இந்தக் காத்திருப்பு உனக்குத் தாய்மொழியிலேயே வாய்த்திருக்கிறது. ஆங்கிலத்தைச் சுற்றிப் போகாமல் நேராகத் தமிழிலேயே யோசி.

கம்பனி எழுத்தர்களின் வாக்கியங்கள் மிக நீளமானவை. பென்சிலை எடுத்து முதலில் இரண்டாமிட வினையைக் கோடிடு. பிறகு 'டட்', 'ஓம்டட்', 'டீ' போன்ற சொற்களில் தொடங்கும் சார்பு வாக்கியங்களை அடைப்புக்குள் போடு. அதன்பின் கடைசிக்குப் போ. 'நேமன்' என்றால் எடுத்தல். அதோடு சேர்ந்து 'ஆன்' கடைசியில் நின்றால் ஏற்றுக்கொள்ளுதல். 'அஃப்' நின்றால் பறித்தல். காணிகளையும் குடிகளையும் பதிந்த தோம்புகளை நீ வாசிக்கப்போகிறாய். ஒருவர் ஏற்றுக்கொண்டாரா, அவரிடமிருந்து பறிக்கப்பட்டதா என்பதை அந்தக் கடைசிச் சொல் தீர்மானிக்கலாம். அவசரத்தில் நீ தவறாக மொழிபெயர்த்தால், பிறகு வருபவர்கள் அதையே வரலாறு என்று நம்புவார்கள். இறந்தவர்கள் எழுந்துவந்து திருத்த முடியாது.

ஆகவே வினையின் கடைசிச் சொல்லைக் காணாமல் ஒரு வரியையும் மொழிபெயர்க்காதே. இந்த ஒன்றை மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்