வீட்டிலே சத்தம் குறைய, துணியும் பாயும் உதவும்



கைக்குழந்தை தொட்டிலில் இப்போதுதான் கண் அயர்ந்திருக்கும். அடுப்படியில் பாத்திரம் விழும், கூடத்தில் டி.வி. அலறும். குழந்தை வீறிட்டு அழும். பிள்ளை பெற்ற தாய்க்கும் அன்றைக்குத் தூக்கம் போச்சு. "குழந்தை இருக்கிற வீடு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

தூக்கம் கெட்டால் மறுநாள் அசதி, எரிச்சல், கணவன் மனைவிக்குள் சிடுசிடுப்பு. ஆண்டுக்கணக்கில் நீடித்தால் ரத்தக் கொதிப்புக்கும் இடமுண்டு. படுக்கும் அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலுக்குள், அதாவது கிசுகிசுப் பேச்சின் அளவுக்குள், இருப்பது நல்லதென்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் கூறியது.

சத்தம் ஏன் பெருகுகிறது?

சிமெண்டுத் தரை, பூசிய சுவர், கான்கிரீட் தளம் எல்லாம் கெட்டியானவை. சுவரில் எறிந்த பந்து போல, சத்தம் அவற்றில் பட்டுத் திரும்பும். துணி, பஞ்சு, நார் இவற்றில் நுண்ணிய துளைகள் உண்டு. சத்தம் அதில் புகுந்து தேய்ந்து அடங்கும்.

என்ன செய்யலாம்?

1. முதலில் சத்தம் பிறக்கும் இடத்தைக் கவனியுங்கள். மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின் அடியில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். மோட்டாரின் காற்றுத் துளை அடைபடக் கூடாது.

2. தரையில் ஜமுக்காளம் அல்லது தென்னைநார் விரிப்பை விரியுங்கள். பகலில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி அறை மூலையிலே வையுங்கள்.

3. ஜன்னலுக்குக் கெட்டித் துணியில் திரை தையுங்கள். ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி எடுத்துக் கொசுவம் வையுங்கள். சுவரை விட்டு நாலு விரல் தள்ளித் தொங்கட்டும். பழைய புடவைகளை நாலைந்து மடிப்பாகத் தைத்தாலும் போதும்.

4. கதவின் அடி இடுக்கில் துணிச் சுருள் வையுங்கள்.

கணவன்மார்களே, திரைக்குக் கம்பி அடிப்பது உங்கள் வேலை!

துணியால் ஆகாதது

திரை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் நன்கு குறைக்கும். வெளியே லாரியும் மேளமும் எழுப்பும் கனத்த ஒலிக்குக் கதவு ஜன்னலைச் சாத்த வேண்டும். சத்தம் ஓய்ந்ததும் திறந்துவிடுங்கள், காற்றோட்டம் அவசியம். திறந்த வெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டின் விதி. விழா நாட்களுக்கு அரசு தரும் விலக்கு மட்டும் உண்டு.

விசைத்தறி ஓடும் வீட்டிலே திரை போதாது. தறிக்கூடத்தில் தொட்டில் கட்டாதீர்கள். ஓட்டுகிறவர் காதில் பஞ்சு வைத்தால் போதாது, காதுக்கவசம் வேண்டும். இரைச்சலால் போன கேள்வி திரும்பி வராது.

எச்சரிக்கை

அடுப்பு, விளக்கு அருகே துணி தொங்க வேண்டாம். தொட்டில் வாயைத் துணியால் மூடாதீர்கள். குழந்தையின் முகத்தருகே தலையணை வைக்காதீர்கள். திரையையும் விரிப்பையும் அடிக்கடி துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். தூசு சேர்ந்தால் இளைப்பு வரும்.

இன்னொரு விஷயம். எவ்வளவு பெரிய சத்தத்துக்கும் திடுக்கிடாத குழந்தையை "நல்லாத் தூங்கும் பிள்ளை" என்று மெச்சிக்கொண்டிருக்காதீர்கள். அதற்குக் காது கேட்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு எடுத்துச் செல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பேச்சு வர வழியுண்டு.

அமைதியான வீடு, ஆரோக்கியமான குடும்பம்!