கட்டளைவரிப் பதிவுநோக்கியும் தமிழ் எழுத்தின் அலகும்

ஆய்வுச்சுருக்கம்

கணினி தன்னுள் நிகழ்வனவற்றைப் பதிந்து வைக்கும் கோப்புகளைக் கட்டளைவரியில் படித்துக் காட்டும் கருவியை உருவாக்குகையில் தமிழ் உரை எவ்விடங்களில் சிதைகிறது, அச்சிதைவை எவ்வாறு தவிர்க்கலாம் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பைட்டு, குறியெண், திரைக்கட்டம், எழுத்து ஆகிய நான்கையும் ஒன்றெனக் கொள்வதே சிதைவின் மூலம். இலக்கணம் கூறும் எழுத்தை அலகாகக் கொண்டால் அச்சிதைவின் பெரும்பகுதி நீங்கும் என்பதும், காட்சியில் செய்யும் எத்திருத்தமும் மூலப்பதிவைத் தொடலாகாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: பதிவுக்கோப்பு, கட்டளைவரி, ஒருங்குறி, குறியெண், உயிர்மெய், தேடல்

1. முன்னுரை

கணினித்தமிழ் ஆய்வுகள் எழுத்துரு, விசைப்பலகை, சொற்பிழை திருத்தி, இயந்திர மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் மிகுதியும் கருத்துச் செலுத்தி வந்துள்ளன. கணினி மேலாளர் நாள்தோறும் கையாளும் பதிவுக்கோப்புகள் அவ்வளவாகக் கவனம் பெறவில்லை. பதிவுச் செய்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவது இதற்கு ஒரு காரணம் ஆகலாம். எனினும் அச்செய்திகளுக்குள் தமிழ் தரவாக நுழைகிறது. மின்னூலகத்தில் தமிழ்ப்பெயர் தாங்கிய கோப்பு திறக்கப்படாதபோது அப்பெயரும், வாசகர் தேடிய தமிழ்ச்சொல்லும் பதிவில் இடம்பெறுகின்றன. அவை சிதைந்து தோன்றினால் எந்நூல் கிடைக்கவில்லை, எச்சொல் தேடப்பட்டது என்பதை மேலாளர் அறிய இயலாது. ஆதலின் இது தோற்றச் சிக்கல் மட்டுமன்று, சான்றினைப் படிக்கும் சிக்கலுமாகும்.

2. பதிவின் அமைப்பு

யூனிக்சு வழிவந்த இயங்குதளங்களில் பதிவுமுறைக்கு அடித்தளமாக விளங்குவது சிஸ்லாக். 1980-களில் எரிக் ஆல்மன் சென்ட்மெயில் திட்டத்தின் பகுதியாக இதனை உருவாக்கினார். அதன் நடைமுறையை ஆர்.எஃப்.சி. 3164 என்னும் ஆவணம் 2001-இல் விவரித்தது. 2009-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 5424 அதனைச் செந்தரமாக வரையறுத்தது. லினக்சில் 2011-இல் அறிமுகமான சிஸ்டம்டி ஜர்னல், பதிவுகளை வெற்றுரையாக வைக்காமல் தனக்கே உரிய இருமக் கோப்பாகச் சேமிக்கிறது.

சிஸ்லாக் செய்தியின் தொடக்கத்தில் முன்னுரிமை எண் ஒன்று உண்டு. செய்தி பிறந்த துறையின் எண்ணை எட்டால் பெருக்கிக் கடுமைநிலையின் எண்ணைக் கூட்டினால் அது கிடைக்கும். துறைகள் 0 முதல் 23 வரை, கடுமைநிலைகள் 0 முதல் 7 வரை. 34 என்னும் எண்ணை எட்டால் வகுத்தால் ஈவு 4, மீதி 2. அதாவது அது உள்நுழைவுப் பாதுகாப்புத் துறையில் எழுந்த நெருக்கடி நிலைச் செய்தி. கடுமைநிலைகளைத் தமிழில் முறையே அவசரநிலை, உடன்நடவடிக்கை, நெருக்கடி, பிழை, எச்சரிக்கை, அறிவிப்பு, தகவல், பிழையாய்வு எனக் குறிக்கலாம். எண் குறையக் கடுமை மிகும் என்பதால், ‘எச்சரிக்கையும் அதற்கு மேலும்’ என்று பயனர் கேட்டால் கருவி 0 முதல் 4 வரையுள்ளவற்றைக் காட்ட வேண்டும்.

கால முத்திரையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஆர்.எஃப்.சி. 3164 விவரிக்கும் வடிவில் ஆண்டு இல்லை, நேர மண்டலமும் இல்லை. திசம்பர் இறுதியில் தொடங்கிச் சனவரியில் முடியும் கோப்பினை ஒரே ஆண்டாகக் கொண்டு வரிசைப்படுத்தினால் முன்பின் தலைகீழாகும். கோப்பின் இறுதித் திருத்தக் காலத்தை அடிப்படையாகக் கொண்டு பின்னோக்கிச் சென்று ஆண்டினை உய்த்துணர்வதே ஏற்ற முறை. அவ்வாண்டு பதிவில் உள்ளதன்று, கருவி ஊகித்தது என்பதும் திரையில் புலப்பட வேண்டும்.

3. நான்கு அலகுகள்

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யூ.டி.எஃப்.-8 முறையில் இவற்றின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளைப் பெறும். ‘தொழிலாளர்கள்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி தொ, ழி, லா, ள, ர், க, ள் என எழுத்து 7. குறியெண்கள் 12. பைட்டுகள் 36. திரைக்கட்டங்களின் எண்ணிக்கை வேறு. மார்க்கஸ் கூன் எழுதிப் பரவலாகப் பயன்பட்ட அகலக் கணிப்பு நிரலின் விதிப்படி, இடம்கொள்ளாக் குறிகளுக்குச் சுழியும் ஏனையவற்றுக்கு ஒன்றும் என எண்ணினால் 10 கட்டங்கள் கிடைக்கும்.

இவ்விதியின் விளைவு தமிழுக்குப் பொருந்தாதது. ஒருங்குறி வகைப்பாட்டில் இகரக்குறி இடம்கொள்ளும் குறி, ஈகாரக்குறியோ இடம்கொள்ளாக் குறி. ஆகவே ‘கி’ இரண்டு கட்டமாகவும் ‘கீ’ ஒரு கட்டமாகவும் கணக்கிடப்படும். குறிலுக்கு நெடிலைவிட இருமடங்கு இடம் தரும் இக்கணக்கு ஒலியளவுக்கும் ஒவ்வாது, வரிவடிவ அகலத்துக்கும் ஒவ்வாது. இதனை நம்பிப் பதிவுகளை நெடுவரிசைகளாக அடுக்கினால், தமிழ்ச் சொல்லுக்குப் பின்வரும் ஒவ்வொரு புலமும் இடம் பெயரும்.

மற்றொரு முரண் அடிப்படையானது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் ஆகும் என்பது மரபிலக்கணக் கொள்கை. ஒருங்குறியிலோ அகரமேறிய ‘க’ முதன்மை அலகு. அதனுடன் புள்ளியைச் சேர்த்தே ‘க்’ பெறப்படுகிறது. இலக்கணத்தில் கூட்டலால் பிறப்பது குறியேற்றத்தில் மூலமாகவும், அங்கு மூலமானது இங்குக் கூட்டலால் பிறப்பதாகவும் நிற்கின்றன. தேடலில் நேரும் பிழைகள் சில இத்தலைகீழ் நிலையிலிருந்தே எழுகின்றன.

4. சிதைவு நேரும் இடங்கள்

முதலாவது, வெட்டுதல். ஆர்.எஃப்.சி. 3164 ஒரு செய்திப் பொதியின் மொத்த அளவை 1024 பைட்டுகளாக வரையறுக்கிறது. முழுவதும் தமிழாயினும் அதில் 341 குறியெண்களுக்கு மேல் அடங்கா. பெறும் கருவி குறைந்தது 480 பைட்டுகளை ஏற்றாக வேண்டும் என்பது ஆர்.எஃப்.சி. 5424-இன் விதி. நீண்ட செய்தி வெட்டப்படுகையில் முறையற்ற யூ.டி.எஃப்.-8 எஞ்சலாம் என்பதையும் அது ஒப்புகிறது. ஒரு குறியெண்ணின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டினால் எழுத்தே அழியும். குறியெண்ணின் எல்லையில் வெட்டினாலும் ‘கொ’ என்பது ‘க’ ஆகும், ‘ள்’ என்பது ‘ள’ ஆகும். இரண்டாவது வகையே தீங்கு மிக்கது. சிதைந்த பைட்டு தன் சிதைவைக் காட்டிவிடும். மாறிய எழுத்தோ பிழையில்லாத சொல்போல் தோன்றி ஏமாற்றும்.

இரண்டாவது, மாற்றுருக் குறியேற்றம். இணைய முகவரியில் அமையும் தமிழின் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினறும இலக்கங்களுமாக மாறும். ‘தொழிலாளர்கள்’ என்று ஒருவர் தேடினால் இணைய வழங்கியின் பதிவில் 108 குறிகள் கொண்ட தொடர் நிற்கும். மனிதக் கண்ணால் அதனைப் படித்தறிதல் அரிது.

மூன்றாவது, தேடல். ஒகர உயிர்மெய்க் குறியை 3018 என்னும் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், 3014, 3006 என்னும் இரண்டின் தொடராகவும் எழுதலாம். தோற்றம் ஒன்றே, பைட்டுகள் வேறு. ஒரு வடிவில் தேடுபவர்க்கு மற்றொரு வடிவிலுள்ள பதிவு அகப்படாது. இனி, ‘கண’ என்று தேடினால் ‘கண்’, ‘கணி’ ஆகியனவும் அகப்படும். முன்னது விடுபடல், பின்னது மிகைபடல்.

5. முன்மொழியும் வடிவமைப்பு

கருவி மூன்று படிகளாக இயங்கலாம். முதற்படி பதிவை உள்ளவாறே பைட்டுகளாகப் படித்தல். பதிவுக்கோப்புகள் குறித்த கால அளவில் பெயர் மாற்றப்பட்டுப் புதிய கோப்பு தொடங்கும் வழக்கம் இருப்பதால், தொடர்ந்து நோக்கும் கருவி கோப்பின் பெயரை மட்டுமன்றி ஐநோடு எண்ணையும் ஒப்பிட வேண்டும். இன்றேல் அது பழைய கோப்பின் முடிவிலேயே காத்திருக்கும்.

இரண்டாம்படி எழுத்தாக்கம். உயிரோ அகரமேறிய மெய்யோ ஆய்தமோ வரும் இடத்தில் எழுத்துத் தொடங்கும். 3006 முதல் 3021 வரையுள்ள உயிர்க்குறிகளும் புள்ளியும், 3031-ஆம் குறியும் முன்னெழுத்தோடு சேரும். வெட்டுதல் எழுத்தின் எல்லையிலேயே நிகழ வேண்டும். ‘க்ஷ’ இம்முறையில் இரண்டு எழுத்தாகும். இடையில் வெட்டினும் ‘க்’ முழுமையாக எஞ்சுவதால் புள்ளி இழப்பு நேராது.

தேடலின்போது பதிவையும் தேடுசொல்லையும் ஒருங்குறியின் சேர்த்தெழுதும் இயல்வடிவுக்குக் கொணர்ந்து ஒப்பிடுதல் வேண்டும். எழுத்தெல்லை பேணும் தேடலை இயல்பாகவும், எல்லை கருதாத தேடலைப் பயனர் விருப்பமாகவும் வைக்கலாம். ஔகாரக் குறியின் பின்பகுதிக்கு மாற்றாக ளகரத்தை இடும் வழக்கினை ஒருங்குறி நிகரெனக் கொள்வதில்லை. கருவியும் அவற்றைத் தானாக ஒன்றாக்குதல் தகாது. ‘கெளுத்தி’ என்பதில் ளகரம் தனியெழுத்தாகவே நிற்கிறது.

மூன்றாம்படி காட்சி. முனையங்கள் தமிழ் அகலத்தைப் பலவாறு கணிப்பதால், அவ்வகலத்தைத் துல்லியமாக அறிய முயல்வதைவிட அதன் தேவையை நீக்குவது மேல். காலம், கடுமைநிலை, கணினிப்பெயர் ஆகிய அளவொத்த புலங்களை முன்வைத்து, தமிழ் வரத்தக்க செய்தியை இறுதியில் அமைத்தால் நெடுவரிசை குலையாது. விழுக்காட்டுக் குறியேற்றத்தை அவிழ்த்துக் காட்டுகையில் காவல் ஒன்று வேண்டும். அவிழ்ந்த உரையில் புதுவரிக் குறியோ முனையக் கட்டளையோ மறைந்திருந்தால் இல்லாத பதிவொன்று உள்ளதுபோல் தோன்றலாம். ஆகவே முதலில் அவிழ்த்து, பின்னர்க் கட்டுப்பாட்டுக் குறிகளை வெளிப்படையான அடையாளங்களாக மாற்றியே காட்ட வேண்டும். இவ்வரிசை மாறின் காவல் பயனற்றுப்போகும்.

6. முடிவுரை

பதிவுக்கோப்பு ஒரு சான்றாவணம். ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர் மூலபாடத்தையும் தம் திருத்தத்தையும் வேறுபடுத்திக் காட்டுவதுபோல, பதிவுநோக்கியும் உள்ளதையும் தான் உய்த்துணர்ந்ததையும் வேறுபடுத்த வேண்டும். இயல்வடிவாக்கம், அவிழ்த்தல், ஆண்டு ஊகம் ஆகிய மூன்றும் காட்சிக்கும் தேடலுக்கும் உரியன, கோப்பினுள் எழுதப்படலாகாதன. மூல வரியை மாற்றமின்றிக் காட்டும் விருப்பத்தேர்வும் கருவியில் இருத்தல் வேண்டும்.

எழுத்து என்பது யாது, அது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்னும் வினா தமிழிலக்கண மரபில் தொன்மையானது. அதன் விடை இன்று நிரலாளர்க்கு நேரடியாகப் பயன்படுகிறது. இங்குக் கூறிய எழுத்தெல்லை விதி சில வரிகளில் அடங்கும் எளிய விதியே. அதனை நிரலகமாக ஆக்கிப் பொதுவில் வைப்பின், பதிவுநோக்கிக்கு மட்டுமன்றிச் சொல்லடைவு, அகராதி, உரைத்தொகுப்பு ஆய்வுக் கருவிகளுக்கும் அது உதவும். தமிழ்த்துறையும் கணினித்துறையும் இணைந்து மேற்கொள்ளத்தக்க பணி இது.